“விபத்து நடந்தால் யார் பொறுப்பு?”: இயற்கை விளையாட்டுத் திடல் அமைக்க முயலும் ஒரு தாய்க்கு

கேள்வி: எனக்கு நான்கு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நாங்கள் வசிப்பது ஒரு சிறு நகரம். எங்கள் குடியிருப்பை ஒட்டி, நகர நிர்வாகத்துக்குச் சொந்தமான ஏறக்குறைய 1,200 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. அங்கிருந்த துருப்பிடித்த ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் அகற்றிய பிறகு அது வெறுமனே கிடக்கிறது. இரண்டு பெரிய மரங்கள் மட்டும் நிற்கின்றன. மண்மேடு, மரக்கட்டைகள், தண்ணீர், புதர்கள் ஆகியவற்றைக் கொண்ட இயற்கை விளையாட்டுத் திடல் ஒன்றை அங்கே அமைக்க ஓராண்டாக முயன்று வருகிறேன். விழுந்த மரம் ஒன்றின் துண்டுகளை நானும் சில பெற்றோரும் கொண்டுவந்து போட்டோம். பிள்ளைகள் ஒரு வாரம் அவற்றில் விளையாடினார்கள். எட்டாம் நாள் துப்புரவுப் பணியாளர்கள் குப்பை என்று எண்ணி அள்ளிச் சென்றுவிட்டார்கள். நிர்வாகத்திடம் மனு கொடுத்தால், “விபத்து நடந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பெற்றோரில் பாதிப்பேர், பாம்பு வரும், கொசு வரும், உடை சேறாகும், வண்ணப் பிளாஸ்டிக் சறுக்குமரமே போதும் என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த அலுவலரின் கேள்வியை, முகத்தில் அறைந்து சாத்திய கதவைப் போல எழுதியிருக்கிறீர்கள். நிலவடிவமைப்பில் பல ஆண்டுகள் கழித்த எனக்கு, இந்த ஓராண்டில் உங்களிடம் யாரும் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் உருப்படியான கேள்வியாகத் தோன்றுகிறது. “அருமையான யோசனை, செய்துவிடலாம்” என்று சிரித்துக்கொண்டே மனுவை வாங்கி வைத்துக்கொள்பவர்களை நம்பிக் காத்திருந்த பெற்றோர் பலரை நான் அறிவேன். பொறுப்பு யாருடையது என்று கேட்பவரோ, ஒரு நல்ல விடை கிடைத்தால் கையெழுத்திடக் கூடியவர். ஆகவே உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஒரு கேள்வியின் வழியாகவே விடை சொல்ல முயல்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான் வடிவமைத்த முதல் இயற்கை விளையாட்டுத் திடல் பார்க்க மிக அழகாக இருந்தது. படுக்கவைத்த பெருமரங்கள், அவற்றின் அடியில் கணுக்கால் புதையும் அளவுக்கு மரச்சில்லுகள், நடுவில் ஓர் ஓடை என எல்லாமே வரைபடத்தில் இருந்தபடியே அமைந்தன. மூன்றாம் ஆண்டுக்குள் அந்த மரச்சில்லுகள் மக்கி மண்ணாகி, விரற்கடை அளவே எஞ்சியிருந்தன. மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த மரத்தின் அடிப்பக்கம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. அதன்மீது நடந்த ஒரு சிறுமியின் காலடியில் மரம் பொடிந்து, அவள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உரிமையாளர்கள் திடலை மூடி, மறு ஆண்டே அங்கே கான்கிரீட் தளம் போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நாற்பது பக்கங்களுக்கு மேல் வரைபடங்களும் விளக்கங்களும் கொடுத்த நான், மரச்சில்லு குறையும்போது அதை நிரப்பப் போகிறவர் யார் என்று ஒரு வரிகூட எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

இரும்பு ஊஞ்சல் பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். இயற்கைத் திடலோ ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அதன் சுவையும் அதில்தான் இருக்கிறது. நகர்த்தவும் உடைக்கவும் சேர்க்கவும் கூடிய பொருள்கள் ஓர் இடத்தில் எவ்வளவு கூடுதலாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் கற்பனையும் நிகழும் என்று சைமன் நிக்கல்சன் 1971-ல் எழுதினார். உதிரிப் பொருள் கோட்பாடு என்று இன்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆனால் நகர்த்தக் கூடியது என்றால் காணாமல் போகக் கூடியது, உளுத்துப்போகக் கூடியது, தவறான இடத்தில் கிடக்கக் கூடியது என்றும் பொருள். இந்த மரபின் தொடக்கத்தைப் பார்த்தாலும் அதுவே தெரிகிறது. டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளரான கார்ல் தியோடர் சோரன்சனின் யோசனைப்படி, நாடு ஜெர்மானியர் வசம் இருந்த 1943-ல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகைகளும் செங்கற்களும் கழிவுப் பொருள்களும் குவிந்த ஒரு விளையாட்டு இடம் திறக்கப்பட்டது. அந்தப் பொருள்குவியலைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அங்கே முதல் நாளிலிருந்தே பிள்ளைகளோடு இருப்பதற்கென்று யோன் பெர்டெல்சன் என்ற ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு எம்ட்ரப்பில் ஒரு மனிதரே விடையாக நின்றுகொண்டிருந்தார். உங்களால் முழுநேரப் பணியாளர் ஒருவரை அமர்த்த முடியாது; எனவே உங்கள் விடையைத் தாளில் எழுதி, பலர் தோளில் பகிர்ந்து வைக்க வேண்டியிருக்கும்.

முதலில் எழுத வேண்டியது ஒரு நன்மை–இடர் மதிப்பீடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் அரைப்பக்கம் போதும். இதற்கு அடிப்படையாக, பிள்ளைக்குக் கண்ணில் தெரியும் சவாலையும் கண்ணில் தெரியாத பொறியையும் பிரித்தறிய வேண்டும். படுத்திருக்கும் மரத்தின் உயரம் பிள்ளைக்குத் தெரிகிறது. ஏறலாமா, இன்று வேண்டாமா என்று அவள் தானே அளந்து முடிவெடுக்கிறாள். அந்த மரம் உள்ளே உளுத்திருப்பது அவளுக்குத் தெரியாது. முன்னதை நாம் வேண்டுமென்றே வைக்கிறோம். பின்னதைத் தேடித்தேடி அகற்றுகிறோம். பிள்ளைகள் விரும்பித் தேடும் துணிகர விளையாட்டுகளை நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு போன்ற ஆபத்தான கூறுகள், முரட்டுத்தனமாகக் கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து தனியே அலைதல். கண்காணிப்பாளர் இல்லாத உங்கள் திடலில் கருவிகளுக்கும் நெருப்புக்கும் இடமில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். மற்ற நான்கையும், தண்ணீரை ஆழமில்லாத அளவிலும், தயங்காமல் கொடுக்கலாம்.

மதிப்பீட்டை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். “படுத்த மரம்: தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம். நன்மை: உடற்சமநிலை, துணிவு, பல வயதினர் ஒன்றாக விளையாடும் வாய்ப்பு. இடர்: வழுக்கி விழுதல், சிராய்ப்பு, அரிதாக எலும்பு முறிவு. செய்துள்ள ஏற்பாடு: மரம் உருளாதபடி மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைக்கப்பட்டுள்ளது, கூர்முனைகள் மழிக்கப்பட்டுள்ளன, சுற்றிலும் கல்லோ கட்டையோ இல்லை. சோதனை: வாரந்தோறும் குச்சியால் தட்டிப் பார்த்தல், ஓசை மந்தமானால் திருகாணியோட்டியால் குத்திப் பார்த்தல். முடிவு: ஏற்கத்தக்கது.” இவ்வளவுதான். விளையாட்டில் இடரை முற்றிலும் துடைத்தெறிவது நோக்கமாக இருக்கக் கூடாது, நன்மையோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்பதை பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு ஆணையமே 2012-ல் வெளிப்படையாக அறிவித்தது. இதே அணுகுமுறைக்கு 2023-ல் ஐஎஸ்ஓ 4980 என்ற பன்னாட்டுத் தரநிலையும் வந்துவிட்டது. நீங்கள் பேசுவது ஒரு தாயின் ஆசை மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருக்கும் அலுவலருக்கு, அவர் தம் கோப்பில் வைத்துக்கொள்ளக் கூடிய ஆதாரமாக இவை அமையும். வீரவசனங்களைவிட அவருக்கு அதுதான் தேவை.

சில எண்களையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1176, விழக்கூடிய உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது; சிறு நகரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் திடலில் 1.5 மீட்டருக்கு மேல் எதையும் உயர்த்த வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. சுமார் 1 மீட்டர் வரையான உயரத்துக்கு நல்ல புல்தரையே போதும். அதற்கு மேல் 2 மீட்டர் வரை என்றால் மரச்சில்லோ மணலோ 20 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், பிள்ளைகளின் கால்கள் அதை ஒதுக்கித் தள்ளுவதால் இன்னுமொரு 10 சென்டிமீட்டர் கூட்டியே நிரப்ப வேண்டும். 6 மீட்டருக்கு 6 மீட்டர் பரப்பில் 30 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 11 கன மீட்டர் மரச்சில்லு வேண்டும். அதில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மீண்டும் கொட்ட வேண்டியிருக்கும். தலை சிக்கிக்கொள்வதைத் தடுக்க, உடல் நுழையக் கூடிய இடைவெளிகள் 8.9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டு இருக்கக் கூடாது. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும்போது இந்த அளவில் சந்துகள் தாமாகவே உண்டாகிவிடும். அழகாக அடுக்கியிருக்கிறோம் என்ற மகிழ்ச்சியில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

இனி, யார் பொறுப்பு என்பதற்கே வருகிறேன். அதே தரநிலையின் ஏழாம் பகுதி, சோதனையை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: அன்றாடம் அல்லது வாரந்தோறும் கண்ணால் பார்க்கும் சோதனை, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கையால் அசைத்துத் தட்டிப் பார்க்கும் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற ஒருவர் செய்யும் முழுச் சோதனை. முதல் இரண்டையும் பெற்றோர் குழு ஏற்றுக்கொள்ளட்டும். மூன்றாவதையும் பெருமரங்களின் கிளைகளைச் சோதிப்பதையும் நிர்வாகம் ஏற்றுக்கொள்ளட்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நிலத்தின் உரிமையாளருக்குரிய சட்டப் பொறுப்பை யாரும் முழுமையாக உங்கள் மீது மாற்றிவிட முடியாது, அப்படி மாற்றிக்கொள்ள நீங்களும் உணர்ச்சி வேகத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது. உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன் உள்ளூர்ச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, பொதுப் பொறுப்புக் காப்பீடு யார் பெயரில் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழு என்று சொன்னேன். மனுவில் இருநூறு கையெழுத்துகள் இருப்பதைவிட, முறைவைத்து வாரம் ஒருவராகத் திடலைச் சுற்றிப் பார்க்க ஒப்புக்கொண்ட எட்டுக் குடும்பங்கள் இருப்பது எனக்கு நம்பிக்கை தரும். எட்டுக் குடும்பங்கள் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் ஆறேழு வாரங்களே வரும். அரைமணி நேர வேலை. ஒரு கட்டுக்குறிப்பேடு போதும்: தேதி, பார்த்தவர் பெயர், கண்ட குறை, செய்த சீர், கையொப்பம். குறை பெரிதாக இருந்தால் அந்தப் பகுதியை நாடா கட்டி மூடும் அதிகாரம் அன்றைய முறைக்காரருக்கே இருக்க வேண்டும், கூட்டம் கூட்டித் தீர்மானிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. விபத்து நேர்ந்த பின் எவரும் முதலில் கேட்பது இந்தக் குறிப்பேட்டைத்தான். திடல் வருவதற்கு முன்பே, வெற்று நிலத்தை வைத்துக்கொண்டே இரண்டு மாதம் இந்தக் குறிப்பேட்டை எழுதுங்கள் என்பது என் யோசனை. உடைந்த கண்ணாடி எங்கே கிடக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது, பிள்ளைகள் குறுக்கே நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடம் எது என்பவை எல்லாம் அதில் பதிவாகும். அடுத்த முறை நீங்கள் அலுவலரைப் பார்க்கப் போகும்போது எழுதி முடித்த பக்கங்களோடு போவீர்கள். வடிவமைப்புக்கும் அதைவிட நல்ல அடிப்படை கிடையாது. இரண்டு மாதம் யாரும் எழுதவில்லை என்றால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அந்த எட்டுப் பேரால் பார்த்துக்கொள்ள முடியாத எதையும் திடலில் வைக்காதீர்கள். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் வடிவமைப்பில் பாதி தானாக முடிவாகிவிடும். எனவே நான் மண்மேட்டிலிருந்து தொடங்குவேன். அது உளுக்காது, துருப்பிடிக்காது, யாரும் தூக்கிச் செல்லவும் முடியாது. ஆனால் எவ்வளவு மண் வேண்டும் என்பதை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1.5 மீட்டர் உயரமும், மேலே 2 மீட்டர் அகலச் சமதளமும், ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் நீளும் சரிவும் கொண்ட மேட்டுக்கு அடியில் 11 மீட்டர் விட்டம் தேவைப்படும்; மண் ஏறக்குறைய 58 கன மீட்டர் ஆகும். அமுங்கிப் போவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே வரவழைக்க வேண்டும். எங்காவது கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது மண்ணை எங்கே கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த நிலம் முன்பு பட்டறையாகவோ குப்பைமேடாகவோ இருந்ததில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் ஒரு கூடை மண்கூட வாங்காதீர்கள். கொட்டும்போது 20, 30 சென்டிமீட்டர் படிவுகளாகக் கொட்டி மிதித்து இறுக்கி, மேற்பரப்பில் மட்டும் வளமான மண்ணைப் பரப்பிப் புல் நடுங்கள். ஒரு பக்கம் செங்குத்தாகவும் ஒரு பக்கம் சாய்வாகவும் இருந்தால் நான்கு வயதுக்காரிக்கும் எட்டு வயதுக்காரருக்கும் ஒரே மேட்டில் வேலை இருக்கும். உச்சிப் புல் ஆறு மாதத்தில் தேய்ந்துபோகும். அதற்காக வருந்த வேண்டாம்.

மேட்டை அந்த இரண்டு மரங்களின் அடியில் கொட்டிவிடாதீர்கள். உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அதன்மேல் மண்ணைக் குவித்தாலும், வண்டியை ஓட்டி இறுக்கினாலும் வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காமல் மரம் நோயுற்று, நான்கைந்து ஆண்டுகள் கழித்து, காரணம் எல்லோருக்கும் மறந்துபோன பிறகு பட்டுப்போகும். கிளைகள் கவிந்திருக்கும் பரப்பு முழுவதையும் அமைதியான பகுதியாக விட்டு, மரச்சில்லை 5 முதல் 10 சென்டிமீட்டர் மட்டும், அடிமரத்தைத் தொடாமல் பரப்புங்கள். வெயில் காலத்தில் உலோகச் சறுக்குமரம் தோலைச் சுட்டுவிடும் என்பதையும், நிழல் இல்லாத திடலுக்குப் பகலில் யாரும் வரமாட்டார்கள் என்பதையும் நினைத்தால், உங்களிடம் உள்ள மிகப் பெரிய செல்வம் அந்த இரண்டு மரங்கள்தான்.

மரக்கட்டைகளைப் பொறுத்தவரை, வைரம் பாய்ந்த கடினமரமாகத் தேர்ந்து, பட்டையை உரித்துவிட்டு, மண்ணோடு படும் பகுதியின் கீழே சரளைக்கல் பரப்பி நீர் வடியச் செய்தால் ஆயுள் நீளும். பழைய ரயில்தண்டவாளக் கட்டைகள் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட்டு என்ற தார் எண்ணெய் பிள்ளைகளின் தோலுக்கும் உடலுக்கும் ஆகாது. ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்ட பழைய பலகைகளும் அப்படியே; அமெரிக்காவில் 2003-ம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அந்த மருந்தேற்றுவதை உற்பத்தியாளர்கள் கைவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, பச்சை படிந்த பழைய பலகையைத் தவிர்த்துவிடுங்கள். பழைய டயர்களும் வேண்டாம் என்பேன். மழைநீர் தங்கிக் கொசு வளர்வதற்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை.

கொசு என்றதும் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளுக்குத் தண்ணீரும் மணலும் சேர்ந்து கிடைத்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை. அதே சமயம் பெற்றோரின் அச்சமும் வீண் அச்சமல்ல. வெப்பமான சூழலில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வார அளவே ஆகும். ஆகவே குளம் வேண்டாம், தொட்டி வேண்டாம். கையால் அடிக்கும் பம்பு ஒன்றும், அதிலிருந்து கூழாங்கற்கள் மீது ஓடி மணலில் மறையும் ஆழமற்ற கால்வாய் ஒன்றும் போதும். பம்பை அடிக்கும் வரை நீர் வரும், நிறுத்தினால் வடிந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் எங்கும் நீர் நிற்கக் கூடாது என்பதைக் குறிப்பேட்டில் ஒரு கட்டமாகவே போட்டுவிடுங்கள். மணல்குழியைப் பூனைகள் கழிப்பிடமாக்கும். இரவில் வலையால் மூடி, வாரம் ஒருமுறை வாரிக் கிளறி வெயில் படச் செய்ய வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் மணல்குழியையே விட்டுவிடுங்கள், மேடும் தண்ணீரும் இருந்தால் சேறு தானாகக் கிடைக்கும்.

பாம்புக்கு வேண்டியது இருட்டான சந்தும் எலியும். கற்களை இடைவெளியோடு குவிக்காமல், ஒவ்வொன்றையும் பாதி புதைத்து இடுக்கை மண்ணால் அடைத்துவிட்டால், பிள்ளைகள் ஏறுவதற்குப் பாறை கிடைக்கும், பாம்புக்கு வளை கிடைக்காது. புதர்களைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கிளை கழித்து வைத்தால் அடிப்பகுதி வெளிச்சமாக இருக்கும். பிள்ளைகளுக்கு அது கூடாரம் போலவும் ஆகிவிடும். தின்பண்டக் குப்பை தேங்காமல் பார்த்துக்கொண்டால் எலி குறையும். தாவரங்களைத் தேர்வதில் ஒரேயொரு கண்டிப்பு: அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகிய நான்கும் திடலிலோ அதன் வேலியிலோ இருக்கக் கூடாது. குன்றிமணியின் நிறமே பிள்ளைகளைக் கூப்பிடும். மென்று விழுங்கப்பட்ட விதை உயிரைப் பறிக்கக் கூடியது. ஏற்கெனவே முளைத்திருக்கிறதா என்று வேலியோரம் இப்போதே பாருங்கள்.

மறுக்கும் பெற்றோரிடம் ஆய்வுகளைக் கொண்டுபோய் வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு; என்றாலும் “மண் அழுக்கு” என்ற சொல்லுக்கு எதிராக ஒன்றை மட்டும் நீங்கள் அறிந்து வைத்துக்கொள்ளலாம். பின்லாந்தில் சில பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களின் வெற்று முற்றங்களில் காட்டுத்தரையையும் புல்லையும் பெயர்த்துவந்து பரப்பி, மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளை நாள்தோறும் அங்கே விளையாடச் செய்தார்கள். 28 நாள்களிலேயே அவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் பல்வகைமை கூடியது, நோயெதிர்ப்பைச் சீர்செய்யும் கூறுகளிலும் சாதகமான மாற்றம் தெரிந்தது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. கலந்துகொண்டவர்கள் மொத்தம் 75 பிள்ளைகளே என்பதால் இதைப் பெரிய முழக்கமாக ஆக்க வேண்டாம்.

சேற்றைக் குறித்த புகார்களில் பெரும்பகுதியை ஒரு குழாயும் ஒரு திண்ணையும் தீர்த்துவிடும். நுழைவாயில் அருகே கால் கழுவுமிடமும், அமர்ந்து செருப்பு மாட்டிக்கொள்ளத் திண்ணையும், உடை மாற்ற ஒரு மறைவும் இருந்தால், வீட்டுக்குள் சேறு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அடுத்ததாகச் சொல்ல வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும். அவர்கள் கேட்கும் வண்ணச் சறுக்குமரத்தையும் எதிர்க்காதீர்கள், கொடுத்துவிடுங்கள். ஏணி வைத்து உயரத்தில் நிறுத்தாமல் மேட்டின் சரிவிலேயே படுக்கவைத்துப் பதித்தால், பக்கவாட்டில் விழும் உயரம் என்பதே ஏறக்குறைய இல்லாமல் போகும். அது பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன? ஏறுவதற்குப் படி இல்லாததால் பிள்ளைகள் மண்ணைப் பற்றிக்கொண்டுதான் மேலே போவார்கள். தூய்மைவாதிகளான என் துறைக்காரர்கள் சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

உங்கள் கட்டைகளை அள்ளிச் சென்ற பணியாளர்கள் மீது கோபம் வேண்டாம். வெற்று நிலத்தில் கிடக்கும் மரத்துண்டு யார் கண்ணுக்கும் குப்பையாகத்தான் தெரியும். சோரன்சனே எம்ட்ரப்பைக் குறித்து, தாம் உருவாக்கியவற்றிலேயே பார்ப்பதற்கு மிக அழகற்றது அதுதான் என்றார். ஆனால் தமக்கு அதுவே மிகச் சிறந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். பார்ப்பவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. ஒழுங்கற்ற இயற்கை இடத்தைச் சுற்றி ஒழுங்கான விளிம்பு இருந்தால் மக்கள் அதைக் கைவிடப்பட்டதாக எண்ணாமல் பேணப்படும் இடமாக எண்ணுவார்கள் என்று அமெரிக்க நிலவடிவமைப்பாளர் ஜோன் நசாவர் 1995-ல் எழுதினார். என் அனுபவத்தில் இது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் சீராக வெட்டி வையுங்கள். தாழ்வான வேலி, வண்ணமடித்த வாயில், உதிரிப் பொருள்களுக்கென்று மூடியுள்ள ஒரு பெரிய மரப்பெட்டி, “இங்குள்ள கட்டைகள் விளையாடுவதற்காக வைக்கப்பட்டவை” என்ற பலகை, அதன் கீழே அந்த வார முறைக்காரரை அழைக்க ஓர் எண் ஆகியவை இருக்கட்டும். துப்புரவு மேற்பார்வையாளரைத் தனியே சந்தித்து, எதை அள்ள வேண்டும், எதை அள்ளக் கூடாது என்று நேரில் காட்டுங்கள். முடிந்தால் அவருடைய பிள்ளைகளையும் அழையுங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வாயிலிலிருந்து தண்ணீர்ப் பம்பு வரை இறுகிய தரையில், இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயராத சரிவில், ஒன்றரை மீட்டர் அகலப் பாதை வேண்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால், மேடும் கால்வாயும் வந்த பிறகு பாதைக்கு இடமே இருக்காது. வரைபடத்தில் முதல் கோடு அதுவாக இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய நினைக்காதீர்கள். முதல் ஆண்டில் பாதை, விளிம்பு, மேடு, கால் கழுவும் குழாய். அவை ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நின்ற பிறகு கட்டைகளும் புதர்களும். குறிப்பேடு தவறாமல் எழுதப்பட்டு வந்தால் மட்டும் தண்ணீர்ப் பம்பு. நிர்வாகத்திடமும் முழு நிலத்தையும் நிரந்தரமாகக் கேட்காமல், மேட்டுக்கான ஒரு மூலையை ஓராண்டுச் சோதனையாகக் கேளுங்கள். மீட்டெடுக்கக் கூடிய முடிவில் அலுவலர்கள் எளிதாகக் கையெழுத்திடுவார்கள்.

கடைசியாக, இந்த வாரமே செய்யக் கூடிய ஒரு வேலை. நிலத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து இடங்களில், மரங்களின் கிளைப் பரப்புக்கு வெளியே, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, இம்முறை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையே தோண்டச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு செய்வார்கள். அளந்து முடித்ததும் குழிகளை மூடிவிடுங்கள். ஒரு நாளுக்குள் வடிந்தால் நல்லது. அதற்கு மேலும் நின்றால் அந்த மூலையில் மரச்சில்லும் கட்டைகளும் வைக்கக் கூடாது. ஐந்து குழிகளின் நேரத்தையும், மழை ஓடி இறங்கும் திசையையும் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். மேட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அதைப் பார்த்த பிறகே என்னால் சொல்ல முடியும்.